மருந்துத் தொட்டி

காளியண்ணன் பெண்டாட்டியைப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு ஒரு நாயை வாங்கிக்கொண்டார் என்று எருமப்பட்டி டீக்கடையில் ஒரு பேச்சு உண்டு. கிண்டல்தான். ஆனால் அதில் பொய்யென்று சொல்ல ஒரு எழுத்தும் கிடையாது. மகன் ஈஸ்வருக்குக் குழந்தை பிறந்தபோது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று மயிலம்மாள் கிளம்பிப் போனாள். ஆறு மாசத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவள், குழந்தை நடந்து, பேசி, பள்ளிக்கூடத்துக்கும் போக ஆரம்பித்த பிறகும் அங்கேயேதான் இருக்கிறாள். போன ஆடியில் குழந்தைக்கு இரைப்பு வந்தது. வீட்டில் நாய் முடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட, ஈஸ்வர் ஒரு லாப்ரடார் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து பண்ணையில் இறக்கிவிட்டான். பேர் கோகோ. கூடவே அதற்கு ஒரு மெத்தை, ஒரு சீப்பு, ஒரு மூட்டை தீனி. மயிலம்மாள் போகும்போதுகூட இத்தனை சாமான் கொண்டுபோகவில்லை.

பண்ணை என்றால் முட்டைக்கோழிப் பண்ணை. நீளநீளமாக இரண்டு செட், அதாவது கோழிக் கொட்டகை, நடுவில் தீவனக் குடோன், வேலியோரம் காளியண்ணனின் வீடு. வேலைக்கு ராசுவும் அவன் சம்சாரமும் வருவார்கள். பொழுது சாய ராசு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால், அப்புறம் வேலிக்குள் மனுஷப் பிறவி என்று இவர் ஒருத்தர்தான். அத்தனை ஆயிரம் கோழி கத்துகிற இடத்தில் இருந்துகொண்டு 'தனியாக இருக்கிறேன்' என்று சொன்னால் எவன் நம்புவான்? அதனால் அவர் சொல்வதில்லை. சோறு ஆக்குவார், ரசத்தை மட்டும் இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்வார், டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்.

நாய் வருவதற்கு முன்னால் பெங்களூரிலிருந்து போன் வருவது அத்தி பூத்தாற்போல. வந்தாலும், "சாப்ட்டீங்களா?", "சாப்ட்டேன்", "மாத்திரை போட்டீங்களா?", "போட்டேன்" என்பதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து ஒரே வீட்டில் இருந்தவர்கள் போனில் பேசிப் பழகியிருந்தால்தானே!

கோகோ வந்த பிறகு கதையே மாறிவிட்டது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடியோ கால். மருமகள் மோனிஷாதான் கூப்பிடுவாள்.

"மாமா, கோகோவைக் காட்டுங்க மாமா."

காட்டுவார். மோனிஷா கொஞ்சுவாள், குழந்தை "கோகோ, கோகோ" என்று கத்தும், கோகோ போனை நக்கப் பார்க்கும். அந்த இரைச்சலுக்கு நடுவே, பின்னால் சமையற்கட்டில் மயிலம்மாளின் முதுகு தெரியும். சிலநாள் திரும்பிப் பார்த்து, "இன்னிக்கு என்னுங்க சோத்துக்கு?" என்பாள். "கத்திரிக்கா" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காளியண்ணன் சாயங்காலம் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன் நாய்க்குத்தான் வருகிறது, தனக்கு வரவில்லை என்பது அவருக்குத் தெரியாமலில்லை. வந்தால் சரி என்று இருந்தார்.

கோகோ பட்டணத்து நாய். வேலிக்குள் அது காலைத் தூக்காது. செத்தாலும் தூக்காது. வாரைக் கழுத்தில் மாட்டி வெளியே கூட்டிப் போனால்தான் அதற்கு எல்லாம் நடக்கும். எனவே காலையும் மாலையும் மண் தடத்தில் ஏரிக்கரை வரை ஒரு நடை. எருமப்பட்டிப் பக்கம் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மனுஷன் பின்னாலேயே நடப்பதை ஜனங்கள் பார்த்ததில்லை. "ஏனுங்க, நாயை நீங்க ஓட்டறீங்களா, உங்களை நாயி ஓட்டுதுங்களா?" என்று எருமை மேய்க்கிற சென்னம்மாள் கேட்பாள். "ரெண்டும்தான் போ" என்பார் காளியண்ணன்.

திரும்பி வரும்போதுதான் அந்தத் தொட்டி. பண்ணை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். கேட்டைத் தாண்டியதும் சிமெண்டில் ஒரு பள்ளம், அதில் கணுக்கால் நனையும் அளவுக்கு பிளீச்சிங் பவுடர் கரைத்த மருந்துத் தண்ணீர். வண்டி டயர் அதில் இறங்கி ஏறித்தான் உள்ளே வரவேண்டும். ஆளும் அப்படித்தான். மந்திரியே வந்தாலும் காலை நனைக்காமல் செட்டுப் பக்கம் போகமுடியாது. வெளியிலிருந்து ஒரு கிருமி உள்ளே வந்தால் ராத்திரிக்குள் செட்டே காலியாகிவிடும் என்கிற பயம் அது. அப்படி ஒருதரம் காலியான செட்டைக் காளியண்ணன் பார்த்திருக்கிறார். அதனால் இந்த விஷயத்தில் அவரிடம் தாட்சண்யம் கிடையாது.

நாய்க்கு மட்டும் தனிச் சட்டமா? கோகோவின் நாலு காலையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, தொட்டியில் அழுத்தி, நன்றாக ஊறவிட்டுத்தான் எடுப்பார். அது திமிறும், பின்னால் இழுக்கும். "கொஞ்சம் பொறு சாமி. உள்ள எத்தன உசுரு இருக்குது. நீ ஒருத்தன் சீக்கக் கொண்டாந்து சேத்திட்டா நான் எங்கன்னு போயி முட்டிக்கிறது?" என்று பேசிக்கொண்டே அழுத்துவார்.

பொங்கல் கழிந்து, எங்கேயோ ஒரு பண்ணையில் கோழிக்குச் சீக்கு வந்துவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. நிஜமோ பொய்யோ, சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் மருந்தைக் கெட்டியாக்கினார்கள். காளியண்ணன் சும்மா இருப்பாரா? ஒரு கை போடுகிற இடத்தில் மூன்று கை அள்ளிப் போட்டார். கேட்டுக்கு வந்தாலே கண் எரிந்தது. எரிந்தால்தானே மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று ராசுவிடம் பெருமை வேறு.

கோகோ காலை நக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். முதலில் அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒருநாள் விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தால், செக்கச்செவேலென்று வெந்து கிடந்தது. அடிப்பாதம் தோலுரிந்து வெடித்திருந்தது. நெருஞ்சி முள்ளாக இருக்கும் என்று மண் தடத்தை விட்டுத் தார் ரோட்டில் கூட்டிப் போனார். தார் ரோட்டுச் சூடாக இருக்கும் என்று வெயில் ஏறும் முன்னாலேயே நடத்தினார். மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் பூசினார். கோகோ அத்தனையையும் நக்கித் தின்றுவிட்டு, மெத்தையில் மஞ்சள் மஞ்சளாக வாந்தி எடுத்தது. இத்தனை செய்தவர், நடை முடிந்து வந்ததும் புண்ணுக்கு நல்லதாயிற்றே என்று தொட்டியில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊறவைத்தார். கிருமியைக் கொல்கிற மருந்து புண்ணையும் ஆற்றத்தானே செய்யும்? அவர் கணக்கு அப்படி. எங்கே போய்ச் சொல்ல!

பெங்களூருக்கு இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொன்னால் மருமகள் அழுவாள். அழுதால் ஈஸ்வர் காரை எடுத்துக்கொண்டு வந்து நாயைத் தூக்கிப் போய்விடுவான். நாய் போனால் போன் போகும். போன் போனால் சமையற்கட்டில் தெரிகிற அந்த முதுகும் போகும். ஆகவே வீடியோவில் கோகோவின் முகத்தை மட்டும் காட்டினார்.

"முழுசாக் காட்டுங்க மாமா."

"படுத்திருக்குது சாமி. தூக்கக் கலக்கம்."

மாசி பிறந்ததும் மோனிஷா பார்சலில் நாலு சிவப்பு ஷூ அனுப்பினாள். நாய்க்கு! "வெயில் ஆரம்பிச்சிருச்சுங்க மாமா, ரோடு சுடும், கோகோவுக்குப் போட்டு விடுங்க" என்றாள். காளியண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லாமலே மருந்து வந்துவிட்டதே! மாட்டிவிட்டு நடத்தினார். கோகோ சேற்றில் நடப்பதுபோல் ஒவ்வொரு காலையும் ஓங்கித் தூக்கி வைத்து நடந்தது. டீக்கடையே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. சென்னம்மாள் எருமையை விட்டுவிட்டு ஓடி வந்து பார்த்து, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் சத்தமாகச் சிரித்தார்.

ஆனால் கேட்டுக்கு வந்ததும் பழைய புத்தி. ஷூவும் வெளியே போய்விட்டு வந்ததுதானே? ஷூவோடே தொட்டியில் இறக்கினார். துணி ஷூ, மருந்தை நன்றாகக் குடித்தது. அதை உடனே கழற்றினாரா? கழற்றினால் மறுபடி மாட்டுவது பெரும்பாடு என்று, ஈர ஷூவோடே திண்டாட விட்டுவிட்டு முட்டை லோடு ஏற்றப் போய்விட்டார். சில நாள் இப்படி நடந்தது. ஒருநாள் காலையில் வாரை எடுத்துக்கொண்டு போனால், கோகோ எழுந்திருக்கவில்லை. வாலை மட்டும் தரையில் தட்டியது. தூக்கி நிறுத்தினால், வலது முன்னங்காலைக் கீழே வைக்காமல் ஆட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தது. அப்போதும் அது அவரை நம்பித்தான் பார்த்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பிக்கப் வண்டியில் போட்டு நாமக்கல்லுக்குக் கொண்டுபோனார். கால்நடை ஆஸ்பத்திரியில் சௌமியா என்று ஒரு டாக்டர். சின்னப் பெண். காலைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள்.

"எதுலங்க நடக்குது இது?"

காளியண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். மண் தடம், ஏரிக்கரை, ஷூ, மஞ்சள். கடைசியாகத் தொட்டியைப் பற்றிச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் மிடுக்கே வந்துவிட்டது. "அதுல நான் ஒரு நாளும் உட்டுக்குடுக்கறதில்லீங்க. ரெண்டு வேளையும் நாலு காலும் நல்லா ஊறணும்."

"பவுடர் எவ்வளவு போடுவீங்க?"

இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினார். காட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. காட்டிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"இது எம்பட கையால வந்த புண்ணுதானுங்களா?" என்றார்.

"கோழிக்காகப் பண்ணுனீங்க. தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள் அவள். "இனிமே நடந்துட்டு வந்ததும் சோப்புப் போட்டுச் சும்மா தண்ணில கழுவி விடுங்க, அது போதும். விரலிடுக்கில ஈரம் நிக்காம ஒத்தி எடுக்கணும். அப்புறம் களிம்பு. நக்காம இருக்கக் கழுத்துக்கு ஒரு கூம்பு தரேன்." எழுதிக்கொண்டே குனிந்தவள், செருப்புக்கு வெளியே தெரிந்த அவர் காலையும் பார்த்தாள். நாயைப் பிடிக்கத் தொட்டியில் கூடவே நின்றதில் அதுவும் வெடித்துக் கிடந்தது. "உங்க காலையும் யார்கிட்டயாச்சும் காட்டுங்கய்யா." தன் காலை இன்னொருத்தர் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே காளியண்ணன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தொட்டிக்குக் குறுக்கே ஒரு பலகை. கோகோ அதன்மேல் நடந்து வரும். உள்பக்கம் குழாயடியில் ஒரு பேசினும் முக்காலியும் காத்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொரு காலாக வைத்துக் கழுவுவார். விரல்களை மெதுவாக விரித்து, மிச்சமிருக்கிற மண்ணை எடுத்து, தோளில் கிடக்கிற துண்டால் ஒத்தி ஒத்தித் துடைப்பார். தேய்க்கமாட்டார். தேய்த்தால் அது காலை இழுக்கும். களிம்பு தடவி, காயும்வரை காலை மடியிலேயே வைத்துக்கொள்வார். அந்த நேரத்தில் அதோடு பேசுவார். தீவன விலை, ராசு சம்சாரத்தின் வாய், மயிலம்மாள் வைக்கிற பச்சைப்பயறுக் கடைசல், எல்லாம்தான். பெண்டாட்டியிடம் பேசியிருக்க வேண்டியதையெல்லாம் அந்த மனுஷன் நாயிடம் பேசித் தீர்த்தார். கால் ஆறிக்கொண்டு வந்தது.

கூம்பை எப்படி மறைப்பது? சாயங்காலம் போன் வரும்போது கழற்றி வைப்பார். ஒருநாள் மறந்துவிட்டார்.

"மாமா! கோகோ கழுத்துல என்னது?"

பொய் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். தொட்டியை, பவுடரை, ஷூவை ஊறவைத்ததை. "எம்மேலதான் தப்பு சாமி" என்றார். மோனிஷா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கண்ணீர் பொலபொலவென்று கொட்ட எழுந்து போய்விட்டாள். ஈஸ்வர் போனை வாங்கினான்.

"உங்களுக்கும் சிரமமுங்கப்பா. பாப்பாவுக்கு இப்ப இரைப்பு இல்ல. டாக்டர்கிட்டயும் கேட்டுட்டோம். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடறோம்."

'சிரமமெல்லாம் இல்ல கண்ணு, இங்கயே இருக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் அவன் கேட்டும் இருப்பான். ஆனால் சூடு போட்டவன் எந்த முகத்தோடு இங்கேயே விடு என்று கேட்பான்? "உங்க சவுகரியம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். மயிலம்மாளும் வந்தாள். இறங்கியவள் வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சேலையைச் சொருகிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தாள். பாத்திரம், அடுப்பு, ஒட்டடை என்று மத்தியானம்வரை அவள் கை ஓயவில்லை. கோகோவின் கால் அநேகமாகத் தேறியிருந்தது. மோனிஷா அதைத் தடவித் தடவிப் பார்த்து, "நல்லாப் பார்த்துக்கிட்டீங்க மாமா" என்றாள்.

காளியண்ணன் பேசினைக் கொண்டுவந்து வைத்து, அவளுக்குச் செய்து காட்டினார். "தண்ணி வெதுவெதுன்னு இருக்கோணும் சாமி. முன்னங்காலுதான் மொதல்ல. பின்னங்கால மொதல்ல தொட்டா பயந்துக்கும். இந்த ரெண்டு வெரலுக்கு நடுவுல ஈரம் நின்னுக்கும், அத மறந்தராத." அந்த வீட்டில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மயிலம்மாள் சிரித்தாள். "எனக்குக் கால் வாதம் வந்து ஒரு மாசம் கெடந்தேனே, ஒருக்கா இப்படிப் புடிச்சுப் பாத்திருப்பீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் துண்டைப் பிழிவதில் மும்முரமாகிவிட்டார். அட, ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்? அது அவருக்கு வராது. வந்ததே இல்லை.

வெயில் தாழ எல்லோரும் கிளம்பினார்கள். கோகோ ஒரே தாவில் காரில் ஏறி, குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மயிலம்மாள் கார்க் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

"சரி, வாரனுங்க. உடம்பப் பாத்துக்குங்க."

"ம்."

கார் தொட்டியில் இறங்கி ஏறி, தடத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முகம் கழுவிச் சட்டை மாற்றினார். போன் வரவில்லை. அவர்களுக்கும் களைப்பாக இருக்கும். அதற்கு மறுநாளும் வரவில்லை. எதற்கு வரும்? பார்க்க வேண்டிய நாய் அங்கே இருக்கிறது. அந்த வாரம் முழுக்க அவர் வாயிலிருந்து வந்த பேச்சு ராசுவிடம் தீவனத்தைப் பற்றிப் பேசியது மட்டும்தான். ஒரு சாயங்காலம் ராசு கிளம்பிப் போனதும், கேட்டைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார். செட்டுக்குள் கோழிகள் அடங்கிக்கொண்டிருந்தன. உள்ளே போய் விளக்கைப் போட வேண்டும் என்ற நினைப்பே அவருக்குக் கசந்தது. யாருமில்லாத வீட்டுக்குள் போவதற்கு அவருக்குப் பயமாகவே இருந்தது. அறுபது தாண்டிய ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு பயமா என்று கேட்காதீர்கள். பயம்தான்.

போனை எடுத்து மயிலம்மாளின் நம்பரை அமுக்கினார். அவராகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"என்னாச்சுங்க?" அவள் பதறிப்போய் எடுத்தாள். "உடம்புக்கு ஏதாச்சுமா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல."

"கோகோவுக்குங்களா? அது நல்லா இருக்குதுங்க. காலெல்லாம் ஆறிப்போச்சு. மோனிஷா தெனமும் நீங்க சொன்னாப்பலயே துடைச்சு உடறா. காட்டட்டுங்களா?"

"வேண்டாம்."

"பொறகு என்னுங்க?"

எதிர்த் தடத்தில் சென்னம்மாள் எருமைகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுமே என்ற எண்ணம்கூட அவருக்கு வரவில்லை.

"நீ வந்துரு மயிலு" என்றார். "எனக்கு ஒண்டியா இருக்க முடியல. நாயி இருந்தப்ப நாயச் சாக்கு வெச்சு உன்னப் பாத்துட்டு இருந்தேன். இப்ப அதுக்கும் வழியில்ல."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். மயிலம்மாள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இத அன்னிக்குச் சொல்றதுக்கென்னுங்க?" என்றாள். "கார்க் கதவப் புடிச்சுட்டு எத்தன நேரம் நின்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானு ஏறியே இருக்க மாட்டனுங்களே."